மூன்றாம் வரிசைக்கு மாறும்படி மச்சானுக்கு

பெருமதிப்பிற்குரிய பொக்டான் மச்சானுக்கு,

மாப்பிள்ளை ஓரெஸ்ட் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை டார்லீன், மாடுகள் எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் சுகமா என்று கேட்கத்தான் கூச்சமாக இருக்கிறது. காரணம் கீழே வருகிறது.

எதிர்வீட்டுக்காரனுக்குக் கடிதம் எதற்கு என்பீர்கள். மூன்று முறை நேரில் சொல்ல வந்தேன். முதல் தடவை காபி கொடுத்தீர்கள். அடுத்த தடவை என் வாசல் பனியை நீங்களே வாரிக்கொண்டிருந்தீர்கள். மூன்றாம் தடவை ஆரம்பித்தே விட்டேன், ஆனால் பேச்சு எப்படியோ மாட்டுத் தீவனத்தில் போய் முடிந்தது.

விஷயம் நான் பயிற்சி கொடுக்கும் நம் ஐஸ் ஹாக்கி அணி. சனிக்கிழமை தோற்றால் இந்த வருஷம் அவ்வளவுதான். மாறி மாறிக் களமிறங்கும் நாலு வரிசைக்கும் நடுவில் நின்று ஆட நாலு சென்டர் இருக்கிறார்கள், உனக்கென்ன குறை என்று ஊரே கேட்கிறது. எண்ணிக்கைக்குக் குறையில்லை. இரண்டாம் வரிசை லெஸ்லி தீயணைப்புத் தொண்டர். போன வாரம் ஆட்டத்தின் நடுவில் அழைப்பு வந்து, சறுக்குக் காலணியோடேயே நெருப்பணைக்கப் போய்விட்டார். நாலாம் வரிசை அலிஸ்டர் யாரை இடித்துத் தள்ளினாலும் மன்னிப்புக் கேட்கிறார், பிறகு சவப்பெட்டிக்கு அளவெடுப்பது போலப் பார்க்கிறார். அவர் தொழில் அப்படி. மூன்றாம் வரிசையில் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த வாத்தியார் ட்ரென்ட். காற்றாய்ப் பறக்கிறான்.

முதல் வரிசையில் நீங்கள். நடுவர் இரண்டு சென்டர்களுக்கு நடுவே பதினாலு தடவை வட்டைப் போட்டால் பதினொன்று இன்றைக்கும் உங்களுக்குத்தான், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் மச்சான், போன சனிக்கிழமை எதிரணிக்காரன் உங்களைத் தாண்டிப் போய், கோல் போட்டு, நாலு பேரைக் கட்டிப்பிடித்துவிட்டுத் திரும்பும்போதுதான் நீங்கள் அவனுக்கு எதிரே வந்துகொண்டிருந்தீர்கள். "நல்லா போட்டப்பா"ன்னு பாராட்டு வேறு.

ஆகவே ட்ரென்ட் முதல் வரிசைக்கு, தாங்கள் மூன்றாம் வரிசைக்கு. இது இறக்கமில்லை. மூன்றாம் வரிசை கோலே போட வேண்டாம். எதிரணியின் பெரிய ஆளை ஒட்டிக்கொண்டு, அவனை எரிச்சல்படுத்திக்கொண்டே இருந்தால் போதும். அதில் உங்களை மிஞ்ச ஆளில்லை என்று டார்லீன் சின்ன வயதிலிருந்து சொல்கிறாள்.

சிக்கல் வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் வண்டியில்தான். அந்த வருஷம் நாலு சென்டரும் சீட்டாடிக்கொண்டு ஒரே வண்டியில் வந்து, பனிப்பள்ளத்தில் இறங்கி, நடுவில் நிற்க ஆளில்லாமல் பதினொன்றுக்குப் பூஜ்யம் வாங்கினோமே, அன்றைக்கு நான் போட்ட சட்டம்: ஒரு வரிசைக்கு ஒரு வண்டி. மூன்றாம் வரிசைக்கு, மெல்வின் பன்றிகளை ஏற்றிப் போகும் வண்டி. ஹீட்டர் வேலை செய்யாது, நாற்றம் செய்யும். முதல் வரிசை என் வண்டியில், அந்தச் சட்டம் போட்ட நாளிலிருந்து பதினாலு வருஷமாக என் பக்கத்து சீட்டில் நீங்கள்தான் உட்கார்ந்து வருகிறீர்கள். நீங்கள் இல்லாமல் இரண்டு மணி நேரம் யாரோடு பேசிக்கொண்டு ஓட்டுவேன்? என்ன செய்ய, சட்டம் சட்டம்தான்.

பெரியவர் மனம் கோணாமல் ஏற்றுக்கொண்டு, திட்டுவதானால் டார்லீன் இல்லாத நேரமாகப் பார்த்துத் திட்டவும்.

தங்கள் அன்புக்கு என்றும் கட்டுப்பட்ட
ஓரெஸ்ட்

பி.கு.: டார்லீன் இதைப் படித்துவிட்டாள். "அண்ணன் ஒரு மாசமா எங்கிட்ட புலம்புது. முட்டி தாங்கலை, மூணாவதுல ஆடினா தேவலைம்மான்னு."

"பின்னே அவர் ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்றேன்.

"வண்டியில மாப்பிள்ளை தனியா வருவாரேன்னுதான். அந்த மனுஷன் அதுக்காக முட்டியைத் தேய்ச்சுக்கிட்டு ஓடுது, நீங்க என்னடான்னா சட்டம் பேசுறீங்க."

மச்சான், மேலே எழுதிய சட்டத்தை அடித்துவிடவும். ஆடுவது மூன்றாம் வரிசை, உட்காருவது என் பக்கத்து சீட்டு. ட்ரென்ட் பன்றி வண்டியிலேயே வரட்டும். முதல் வரிசைக்கு வந்தால் என் வண்டிக்கு மாறலாம் என்று அவனுக்கு ஏற்கெனவே சொல்லித் தொலைத்துவிட்டேன். இல்லையென்று நேரில் சொல்ல எனக்குத் தைரியமில்லை. நீங்கள் போய்ச் சொல்லிவிடுங்கள்.