கிளிப் அண்ணனின் தமிழ் மேசை

துணி காயப்போடும் கிளிப்பை வைத்து மனிதர்களைப் பிடித்தவர் மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். அடையாள அட்டையில் அவருக்கு ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. எங்களுக்கு அவர் கிளிப் அண்ணன்.

மேருவில் ஒரு தொழிற்சாலையில் எந்த லோரி எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்ப்பது அவர் வேலை. சனி ஞாயிறுகளில், எங்கே மேசை விளையாட்டுக்காரர்களின் மாநாடு நடந்தாலும், ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கதை நடத்துவார். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒருவர் கதையை நடத்த, மற்ற நாலைந்து பேர் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, "நான் மதில் மேல ஏறுறேன்" என்று வாயால் சொல்வார்கள். ஏறினாரா, விழுந்தாரா என்பதைப் பகடை சொல்லும். அவ்வளவுதான் விளையாட்டு. இதற்காக நான் சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்திருக்கிறேன்.

மற்றவர்கள் லேப்டாப், வரைபடம், குட்டிக் கோட்டை எல்லாம் கொண்டுவருவார்கள். ஒருவர் புகை இயந்திரம் கொண்டுவந்து மண்டபத்தின் அலாரத்தையே அலற வைத்தார். கிளிப் அண்ணன் கொண்டுவருவது ஒரு முறுக்கு டின்னும் ஒரு பை கிளிப்பும். டின் மூடியில் பழைய துண்டை ஒட்டி வைத்திருப்பார். பகடையை அதற்குள்தான் உருட்ட வேண்டும், இல்லாவிட்டால் பாதி நேரம் மேசைக்கு அடியில் தவழ்வதிலேயே போய்விடும். எழுதப் பேனா தரமாட்டார், கட்டைப் பென்சில்தான். அதை யாரும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போவதில்லையாம்.

நடுவில் ஓர் அட்டையை மடித்து நிறுத்தி, அதன் விளிம்பில் வரிசையாகக் கிளிப் மாட்டுவார். ஒவ்வொன்றிலும் ஒருவர் பெயர், பென்சிலில். அடுத்து யார் முறை என்று எல்லோருக்கும் தெரியும். ஆட்டம் முடிந்ததும் பெயர்களை அழித்துவிடுவார், ஏனென்றால் அவை வீட்டுக் கொடிக்குத் திரும்பியாக வேண்டும். ஒருமுறை சண்டைக் காட்சி உச்சத்தில் இருக்கும்போது அவர் போன் அடித்தது. தவறி ஸ்பீக்கரை அழுத்திவிட்டார். "கிளிப்ப எல்லாம் அள்ளிட்டுப் போயிட்டீங்களா? உங்க சாரோங் பக்கத்து வீட்டு மாமரத்துல தொங்குது" என்றார் அவர் மனைவி. அவர் போனை வைத்துவிட்டு, முகம் மாறாமல், "பூதம் உங்களப் பாத்துச் சிரிக்குது. யாரு முறை?" என்றார்.

நேரக் கணக்கில் அவர் லோரிக்காரர்தான். ஒரு சமயம் நாங்கள் டிராகனின் குகைக் கதவை எப்படித் திறப்பது என்று அடித்துக்கொண்டே இருந்தோம். மந்திரமா, கோடாரியா என்று முடிவாகவில்லை. மேசை நேரம் முடியப்போகிறது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கதவு தானாகத் திறந்தது. "நீங்க உள்ள வர்ற மாதிரி தெரியல. அதான் அது வெளிய வந்துருச்சு" என்றார்.

ஆனால் அவருடைய பெரிய வித்தை வேறு. மேசையில் ஒரு நாற்காலியை எப்போதும் பாதி இழுத்துச் சாய்வாக வைத்திருப்பார். கையில் பெயர் எழுதாத கிளிப் ஒன்று இருக்கும். வேடிக்கை பார்ப்பவர்களை "வாங்க, விளையாடுங்க" என்று கூப்பிடவே மாட்டார், கூப்பிட்டால் ஓடிவிடுவார்களாம். கிளிப்பை நீட்டி, "இதக் கொஞ்சம் புடிங்களேன்" என்பார். யார்தான் மாட்டேன் என்பார்கள்? அடுத்த நிமிடம், "உங்க முறை" என்பார். நானும் அப்படிப் பிடிபட்டவன்தான். தம்பிக்கு ஒரு சீட்டுக்கட்டு வாங்கப் போனவன், வாளோடு நின்றேன்.

இத்தனை வருடமும் ஆட்டம் ஆங்கிலத்தில்தான். "ராட்சசன்கூட இங்கிலீஷ்ல பேசிப் பேசி எனக்கு வாய் வலிக்குது" என்று அவர் ஒவ்வொரு மாநாட்டிலும் ஒரு தமிழ் மேசை கேட்பார். கடைசியில் பெட்டாலிங் ஜெயாவில் கொடுத்தார்கள். கழிவறைக் கதவுக்கு எதிரே, ஒரு மூலையில். நாலு பேராவது உட்கார வேண்டும், இல்லையென்றால் மேசை சீட்டு விளையாடுபவர்களுக்கு, இனிமேல் தமிழ் என்று கேட்கவே கூடாது. இப்படிச் சொன்னவர் ஏற்பாட்டாளர். இடுப்பில் வாக்கி டாக்கி, வாயில் எப்போதும் ஆங்கிலம். நாங்கள் அவரை வாக்கி பாஸ் என்போம்.

அன்று கிளிப் அண்ணன் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். இந்த மேசை அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மேசையில் இருந்தது நானும், செந்தூலிலிருந்து வந்த ஷாமினி என்ற கல்லூரி மாணவியும் மட்டும். நான் எழுந்து போய் ஆள் பிடித்து வருகிறேன் என்றேன். "உக்காருப்பா. பாலத்துல பூதம் நிக்குது, நீ எங்க போற?" என்று சொல்லி, நேரத்துக்கு ஆரம்பித்துவிட்டார்.

பக்கத்து மேசையில் விளையாடும் மகனைக் கூட்டிப்போகக் கிள்ளானிலிருந்து வந்த ஓர் ஆன்டி, அவன் எழுந்திருக்காததால் எங்கள் பக்கம் நின்றார். கிளிப் கைமாறியது. முறை வந்தது. பூதத்தை வெட்டுவீர்களா, ஏமாற்றுவீர்களா என்று ஷாமினி கேட்டாள். ஆன்டி இரண்டும் செய்யவில்லை.

"ஏன்பா தனியா நிக்கிற? யாரு ஒன்ன இங்க நிறுத்துனது?"

பூதத்துக்கு இப்படி ஒரு கேள்வி வரும் என்று கிளிப் அண்ணன் நினைக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். "மந்திரவாதி ஆன்டி. லீவே தர மாட்டேங்கிறாரு."

அப்போதுதான் வாக்கி பாஸ் வந்தார். பார்த்தார். மூன்று பேர். வாயைத் திறப்பதற்குள் கிளிப் அண்ணன் கையை நீட்டினார்.

"பாஸ், இதக் கொஞ்சம் புடிங்களேன்."

பிடித்துவிட்டார்.

"பாலத்துக்கு இப்ப நீங்கதான் வந்திருக்கீங்க. உங்க முறை."

"நான் ஆள் எண்ண வந்தேன் லா." முதன்முறையாக அவர் தமிழ் பேசிக் கேட்டோம்.

"எண்ணுறத அப்புறம் எண்ணலாம் தம்பி," என்றார் ஆன்டி. "பாவம், அவனுக்கு லீவு கேட்டுக் குடுங்க. பாத்தா பெரிய ஆளா இருக்கீங்க."

கிளிப் அண்ணன் ஒருபோதும் கெஞ்சமாட்டார். பகடை இருந்த டின் மூடியை மட்டும் வாக்கி பாஸ் பக்கம் நகர்த்தினார். வாக்கி பாஸ் அந்தச் சாய்ந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பகடையை எடுத்தார். இடுப்பில் கரகரத்தது: மூலை மேசை காலியா என்று சீட்டுக்காரர்கள் கேட்கிறார்களாம்.

"ஃபுல் லா. டேபிள் ஃபுல்," என்று சொல்லிவிட்டு உருட்டினார். மோசமான எண். மந்திரவாதி லீவு தரவில்லை. அந்த அநியாயத்தைத் தாங்க முடியாமல் கடைசி வரை இருந்து, மந்திரவாதியை வீழ்த்திவிட்டுத்தான் எழுந்தார்.

அன்று முறுக்கு டின் மூடியைக் கிளிப் அண்ணன் மேசையிலேயே மறந்துவிட்டார். அவர் எதையும் மறந்து நான் பார்த்ததில்லை. அடுத்த வாரம் அதைக் கொடுக்க மேருவில் அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணன் வேலையில் இருந்தார். அவர் மனைவி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "இந்த நாலு கிளிப்புல இருக்கிற பேர மட்டும் அழிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. யாரு தம்பி இவங்கல்லாம்?" என்று கேட்டார்.

கொடியைப் பார்த்தேன். ஆன்டி ஒரு போர்வையைப் பிடித்திருந்தார். வாக்கி பாஸும் ஷாமினியும் சாரோங்கின் இரு முனைகளில் இருந்தார்கள். என் பெயர், அண்ணனின் வேலைச் சட்டையைத் தோளோடு கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.