சம்பந்தியின் விருந்தும் என் பின்னால் வந்த லாரியும்

பந்தய முகாம்,
அக்தாவ் கடற்கரை.

மரியாதைக்கும் அதைவிட அதிகமாகச் சந்தேகத்துக்கும் உரிய சம்பந்தி எஸ்பெர்கென் அவர்களுக்கு,

உங்கள் மகனுக்குப் பெண் கொடுக்கப்போகும் கோனிஸ்பாய் சலாம் சொல்லி எழுதுவது. உங்கள் வீட்டில் மனிதரும் மந்தையும் சுகந்தானே? ஒட்டகங்கள் நிறைய பால் கறக்கின்றனவா? முக்கியமாக, அந்தச் சாம்பல் குதிரை சுகமா? அதற்கு நல்ல தீனியாகப் போடுங்கள், இனி அது என் குதிரை. ஆமாம் சம்பந்தி, பைக் பந்தயத்தை முடித்துவிட்டேன்! போனில் சொன்னால் என்னைப் பேசவிடாமல் சிரிப்பீர்கள். அதனால்தான் கடிதம்.

நிச்சயதார்த்தத்தன்று நீங்கள் செய்ததை நான் மறக்கவில்லை. போன வருஷப் பந்தயத்தில் பசி மயக்கத்தில் பைக்கோடு சாய்ந்த என்னை, பின்தங்கினவர்களை அள்ளிப்போட்டு வரும் லாரியில் ஏற்றினார்கள் அல்லவா, அதைச் சபை நடுவே படுத்து உருண்டு நடித்துக் காட்டினீர்கள். "என்ன சம்பந்தி, இந்த வருஷமும் லாரிச் சவாரிதானே?" என்று வேறு கேட்டீர்கள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது எனக்கு. லாரியில் ஏறினால் என் மனைவியின் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு கல்யாணத்தில் ஆடுகிறேன், ஏறாமல் முடித்தால் சாம்பல் குதிரை எனக்கு என்று வாயை விட்டேன். என் மகள் அக்மாரல் அன்றிலிருந்து, "அப்பா, என் புகுந்த வீட்டுக்காரங்க முன்னாடி மானத்த வாங்கிடாதீங்க" என்று தினமும் ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் சாப்பிடுகிறாள்.

சரி, பந்தயத்தில் தோற்கடிக்க வேண்டுமானால் மனுஷன் டயரில் ஆணி குத்துவான். நீங்கள் சோறு போட்டா கவிழ்ப்பீர்கள்? கடைசி நாள், லாரி எனக்குப் பின்னால் புழுதி கிளப்பிக்கொண்டு வருகிறது, அது என்னை முந்தினால் என் கதை முடிந்தது, அந்த நேரத்தில் வழியில் மேய்ப்பர்கள் போட்டிருந்த முதல் கூடாரத்திலிருந்து ஒரு அம்மா ரொட்டித் தட்டோடு குறுக்கே ஓடி வருகிறாள். "உங்க சம்பந்தி சொல்லியனுப்பினாரு, வாயில வைக்காம போகக்கூடாது!" ரொட்டியைத் தட்டிவிட்டுப் போக நான் என்ன காட்டுமிராண்டியா? இறங்கினேன், ரொட்டி தின்றேன், ரொட்டிக்கு டீ, டீக்கு மறுபடி ரொட்டி. விழுந்தடித்து ஓடினால் அடுத்த கூடாரம், அங்கேயும் "உங்க சம்பந்தி சொன்னாரு", அங்கே புளித்த ஒட்டகப்பாலை பாட்டிலில் அடைத்து பைக்கின் ஹேண்டில்பாரில் கட்டிவிட்டார்கள். புளித்த பால், வெயில், குலுங்கல் மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன? டமார்! டயர் வெடித்தது என்று நினைத்துக் குதித்தேன், பைக் தன்பாட்டுக்குப் போய் ஒரு ஒட்டகத்தின் முன் விழுந்தது. கண்ணாடியெல்லாம் பால், வழி காட்டும் காகிதச் சுருள் முழுக்கப் பால், அந்த ஒட்டகம் வந்து சாவகாசமாகச் சுருளை நக்க ஆரம்பித்தது, அய்யய்யோ, திருப்பங்கள் பாதி அதன் வயிற்றுக்குள் போய்விட்டன. மூன்றாவது கூடாரத்தில் நிற்கவே மாட்டேன் என்று அழுதேன். "நிக்க வேணாம், கொண்டு போங்க" என்று சுடச்சுட ஆட்டிறைச்சியைப் பொட்டலம் கட்டி என் சட்டைக்குள் திணித்தார்கள். கொழுப்பு உருகி வழிந்து பூட்ஸ் வரைக்கும் வந்துவிட்டது.

வழி தெரியாமல் நேரே உப்புச் சேற்றில் இறங்கினேன். மேலே அப்பளம் மாதிரி காய்ந்திருக்கிறது, கீழே களி. பைக் இடுப்பளவு முங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால் லாரியின் புழுதி. தலைத்துணியும் ஆட்டமும் அக்மாரலின் முகமும் கண்ணுக்கு முன்னால் வந்தன. அழுதுகொண்டே கையால் தோண்டினேன். ஆனால் ஆண்டவன் இருக்கிறான் சம்பந்தி! லாரி ஒரு மேட்டடியில் நின்றது. நின்றது நின்றதுதான். இஞ்சின் புகைந்திருக்க வேண்டும். அந்த இறைச்சியைத் தின்று தெம்பு வந்து பைக்கைப் பிடுங்கி எடுத்து, ஒற்றைப் பூட்ஸோடு கடற்கரை சேர்ந்தேன். கடலைப் பார்த்ததும் துள்ளினேன், கத்தினேன், முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்தேன். உங்கள் சதியெல்லாம் தவிடுபொடி! குதிரையைக் குளிப்பாட்டி வையுங்கள்.

உங்கள் மந்தை பெருகட்டும், அடுப்பு அணையாமல் எரியட்டும், குசும்பு மட்டும் குறையட்டும்.

இப்படிக்கு,
லாரியில் ஏறாத கோனிஸ்பாய்

பின்குறிப்பு: இதை மடிக்கும்போது லாரி டிரைவர் துகன்பாய் மீசையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "அண்ணே, உங்க சம்பந்தி மாதிரி ஒரு மனுஷன் கெடைக்கணுமே!"

"ஏம்ப்பா?"

"மேட்டடியில கூடாரம் போட்டு உக்காந்திருந்தாரு. நீங்க சேத்துல கெடக்குறது அங்கேருந்து தெரியுது. லாரிக்கு முன்னாடி வந்து நின்னு, 'ஆட்டுத்தலை வெந்தாச்சு, எறங்குங்க'ன்னாரு. பெரிய விருந்தாளிக்குத்தான் தலை வைப்பாங்க, அத அறுத்துப் பங்கு போடாம எந்திரிச்சுப் போக முடியுமாண்ணே? நான் கத்தியெடுத்தா, 'இரு தம்பி, ஆறட்டும்'னு கையப் புடிச்சுக்கிறாரு. கண்ணு பூரா உங்க மேலதான். உங்க பைக் கெளம்பினதும் எப்படிக் குதிச்சாருங்கிறீங்க!"

"அப்போ வழியெல்லாம் சாப்பாடு?"

"போன வருஷம் வெறும் வயித்துல விழுந்தீங்களாமே. தன் மருமகளோட அப்பா பசியோட போகக்கூடாதுன்னு சொல்லி வச்சாராம்."

சம்பந்தி, நான் ஒரு மடையன். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் மணிக்கட்டு பூசணிக்காயாக வீங்கிக் கிடக்கிறது. மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். குதிரை உங்களோடேயே இருக்கட்டும். கல்யாணத்தில் தலைத்துணி கட்டி நான் ஆடத்தான் போகிறேன், அக்மாரலிடம் மட்டும் மூச்சு விடாதீர்கள். ஆனால் தனியாக ஆட மாட்டேன். லாரியை நிறுத்தினவருக்கும் சேர்த்து இரண்டு துணி கொண்டு வருகிறேன். உங்களுக்கு என்ன நிறம் எடுப்பாக இருக்கும்?