பூசணிக்காயைப் பாருங்கள், மாமா

அன்பும் மரியாதையும் கலந்த சின்ன மாமாவுக்கு, பொம்மனஹள்ளியிலிருந்து உங்கள் அக்கா மகள் மகா, இரண்டு காலையும் தரையில் நன்றாக ஊன்றிக்கொண்டு வணங்கி எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். ஆம்பூரில் நீங்களும் அத்தையும் சுகமா, அத்தைக்கு முட்டிவலி குறைந்ததா என்று அறிய ஆவல். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், எனக்கு வார்த்தை வராது.

முதலில் நான் பார்த்தது என் செருப்பைத்தான், மாமா. அது கீழே கிடந்தது, என் கால் அதில் இல்லை. மௌரீன் அக்காவின் தையல் கடையில் நின்றபடி ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். துணி வாங்க வந்த ஒரு டீச்சரம்மா, "யாரு வெச்ச ஹூக்கு இது? எவ்ளோ நீட்டா இருக்கு!" என்று கேட்டுவிட்டார். கடையில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், நான் மேலே மின்விசிறிக்குப் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தேன். நல்லவேளை, கரண்ட் இல்லை. எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்னதற்காகவே ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அந்தக் கூச்சம்தான் இப்போது மேலே தூக்குகிறது. ஒருவர் பார்த்தால் குதிகால் எழும்பும், நாலு பேர் பார்த்தால் பரண் உயரம், கூட்டம் பார்த்தால் மாடி. கண்ணை எடுத்துவிட்டால் இறங்கிவிடுவேன். தெருக்காரர்கள் பயந்து ஓடுவார்கள் என்று நினைத்தேன், ஒட்டடை அடிக்கக் கூப்பிட்டார்கள். மரத்தில் சிக்கிய பட்டம், கேபிள் வயரில் தொங்கிய யாரோ வீட்டுத் துண்டு, இறங்கத் தெரியாத பூனை என்று எதற்கெடுத்தாலும் வரிசையாக வந்து நின்று என்னை முறைக்க ஆரம்பித்தார்கள்.

யாரோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பிய அந்த வீடியோவில் நீங்கள் பார்த்தது எங்கள் வீட்டு ஓனர் கிருஷ்ணப்பா எதிரே கட்டிய புதுக் கட்டடம். கிரகப்பிரவேசத்தன்று வாசலில் பெரிய திருஷ்டிப் பூசணி, நாக்கைத் தொங்கவிட்ட பூத முகத்தோடு. மூன்றாம் மாடியில் மாவிலைத் தோரணம் கட்டப்போன அவர் மனைவி லட்சுமம்மா, கால் வழுக்கி, பட்டுப்புடவையோடு சன்ஷேடில் வந்து உட்கார்ந்து, ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "பேகா, சீக்கிரம் வாம்மா மகா, கை நழுவுது!" என்று அலறுகிறார். நான் என்ன செய்வேன், கீழே நின்றவர்கள் எல்லோரும் அவரையே பார்க்கிறார்கள், என்னைப் பார்க்க ஒரு கண்கூட மிச்சமில்லை. எம்பிப் பார்த்தேன், எம்பிய இடத்திலேயே விழுந்தேன். அவருடைய ஒரு கை விட்டுவிட்டது. அப்போதுதான், மாமா, நான் கத்தினேன். கடைக்காரரிடம் சில்லறை கேட்கவே வாய் வராத நான், "எல்லாரும் என்னைப் பாருங்க!" என்று கத்தினேன். அத்தனை தலையும் திரும்பியது. வெட்கத்தில் செத்தேன், விர்ரென்று மேலே போய்விட்டேன். லட்சுமம்மா என் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆனால் இறங்க வேண்டுமே? எல்லோரும் வாயைப் பிளந்து பார்க்கப் பார்க்க, இரண்டு பேரும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் போகிறோம். மௌரீன் அக்காதான் கையைத் தட்டி, "பொண்ணப் பாக்காதீங்க! பூசணிக்காயப் பாருங்க!" என்றார். அது தொங்குவதே ஊர்க்கண்ணை வாங்கிக்கொள்ளத்தானே. கூட்டம் பூத முகத்தைப் பார்க்க, நாங்கள் மெதுவாக இறங்கினோம். நடுவில் கிருஷ்ணப்பா மட்டும் ஓரக்கண்ணால் பார்த்து, "லட்சுமி, புடவை பத்திரம்!" என்றார், உடனே மறுபடி ஒரு முழம் ஏறினோம். "ரீ, நீங்க அந்தப் பக்கம் பாருங்க்ரீ! உயிர் போகுது, புடவையாம் புடவை!" என்று மேலே இருந்தே புருஷனைத் திட்டினார் அந்த அம்மா.

நடந்தது இவ்வளவுதான். நீங்களோ, "வயசுப் பொண்ணு வானத்துல பறந்தா நாளைக்கு எவன் கட்டுவான்? ஞாயித்துக்கிழம வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டீர்கள், அம்மா அழுதுகொண்டே என் பையைக் கட்டுகிறாள். மாமா, இங்கே எனக்குக் கடையில் ஒரு முக்காலி இருக்கிறது. மௌரீன் அக்கா ரவிக்கை வெட்டக் கற்றுத் தருகிறார். ஆம்பூரில் அத்தையோடு சீரியல் பார்க்க மட்டும் என்னைக் கூட்டிப்போகாதீர்கள். இனிமேல் பறக்கமாட்டேன். தெருவில் சத்தம் போடமாட்டேன். குனிந்த தலை நிமிராமல் கொக்கி மட்டும் வைப்பேன். அத்தைக்கு என் நமஸ்காரம், சின்னதுகளுக்கு முத்தம்.

உங்கள் சொல் தட்டாத,
மகா

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் நீங்களே ஆட்டோவில் வந்து இறங்கி, என் பையைத் தூக்கிக்கொண்டு, "கெளம்பு" என்றீர்கள். நான் வாசலுக்கு வந்து, தெருவே திரும்பும்படி, "எல்லாரும் என்னைப் பாருங்க!" என்று கத்தினேன். இதைத் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் முறைக்க முறைக்க இன்னும் ஏறுவேன். கூட்டிப்போவதில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பூசணிக்காயைப் பாருங்கள், இறங்கி வருகிறேன். இதோ, இதை மடித்து உங்கள் சட்டைப்பைக்குக் குறி பார்த்துப் போடுகிறேன்.