ஏழாம் நம்பர் ஷெட்டில் நடுக்கம்

"குனிஞ்சு பாருங்க மேனேஜர் சார். ஆடுதா, இல்லையா?"

மேனேஜர் குனிந்து பார்த்தார். கண்ணாடித் தம்ளரில் முக்கால் அளவு தண்ணீர். அதன் மேல் வட்டம் வட்டமாகச் சிற்றலை. தம்ளருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தட்டு, தட்டு நிறையச் சட்டைப் பொத்தான். தங்களுக்குள் யாரைப் பற்றியோ புறம் பேசுவதுபோல் அவை கிலுகிலுவென்று சத்தம் போட்டுக்கொண்டே இடம் மாறிக்கொண்டிருந்தன.

மேசைக்குப் பின்னால் பொத்தான்காரர் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம், எட்டாம் நம்பர் ஷெட்டில், டப்பா மூடி அடிக்கும் தகரக்காரரின் மிஷின் டம், டம் என்று ஓடிக்கொண்டிருந்தது.

மேனேஜர் எட்டாம் நம்பருக்குப் போய் மிஷினை ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். அதற்குள் பொத்தான்காரர் எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தம்ளருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது.

"இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார் பொத்தான்காரர். புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அழகான கையெழுத்தில் எழுதியும் விட்டார்.

அந்த வளாகத்தில் இருபத்து நான்கு ஷெட்டுகள். ஒன்று காலி, மற்றவற்றில் இருபத்து மூன்று சிறு தொழில்காரர்கள். எல்லாரும் சேர்ந்து சங்கம் வைத்து வாங்கிய இடம் என்பதால் எல்லாரும் சொந்தக்காரர்கள். ஒரு முதலாளியிடம் வேலை பார்ப்பவனுக்கே மூச்சு முட்டும். மேனேஜருக்கு இருபத்து மூன்று பேர். போதாக்குறைக்குப் போன வருடப் பொதுக்குழுவில் ஒரு விதி வேறு போட்டிருந்தார்கள்: அடுத்த பொதுக்குழு அன்று புகார்ப் புத்தகத்தில் தீராத புகார் ஒன்று இருந்தாலும் மேனேஜருக்கு வேலை நீட்டிப்பு கிடையாது. பதினொரு மாதமாகப் புத்தகம் வெள்ளையாகவே இருந்தது. இன்னும் ஐந்தே வாரம் இருக்கையில் இந்த நடுக்கம்.

வேலையோடு சேர்ந்தது வீடு. வாசல் கேட்டுக்கு மேலே ஒரு கூடம், ஒரு சமையலறை. ஆறு வருடத்தில் ஐந்து வீடு மாறிய மேனேஜரின் மனைவி இங்கேதான் முதல்முறையாகச் சுவரில் அலமாரி அடித்திருந்தாள்.

"இன்னொரு தடவை பாத்திரத்தையெல்லாம் பேப்பர்ல சுத்தி மூட்டை கட்ட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றாள், புகார்ச் சேதி கேட்டதும். குரலை உயர்த்தவில்லை. அவள் குரலை உயர்த்தாமல் பேசினால்தான் மேனேஜருக்குப் பயம்.

பொத்தான்காரரையும் குறை சொல்ல முடியாது. இத்தனை வருடம் கோட்டுப் பொத்தான் செய்துகொண்டிருந்தவர். அது வைத்த இடத்தில் கிடக்கும். இப்போது வாழ்நாளில் கிடைக்காத ஆர்டர், குழந்தைச் சட்டைக்குச் சின்னச் சின்னப் பொத்தான். வெள்ளை, பால் வெள்ளை, சந்தன வெள்ளை என்று மூன்று நிறம். பிரித்துப் பிரித்துத் தட்டில் வைப்பார்; கொஞ்ச நேரத்தில் மூன்றும் கலந்துவிடும். மறுபடி பிரிப்பார்.

முதல் வைத்தியமாகத் தகரக்காரரின் மிஷினுக்கு அடியில் கனமான ரப்பர் விரிப்பு போடலாம் என்று மேனேஜர் முடிவு செய்தார். விரிப்பு வந்து இறங்கிய அரைமணியில் பதினைந்து பேர் அலுவலகத்தில் நின்றார்கள். சங்கச் செலவில் ஒருவருக்கு மட்டும் ரப்பரா என்று கேள்வி. எல்லாரும் சமம் என்றுதானே சங்கமே ஆரம்பித்தது. நியாயம் பேசிப் பேசி, கடைசியில் விரிப்பை இருபத்து மூன்று துண்டாக நறுக்கி ஆளுக்கொன்று கொடுத்தார்கள். தகரக்காரர் தன் பங்கை வாசலில் போட்டுக் கால் துடைத்துக்கொண்டார். மெழுகுவர்த்திக்காரர் அதன்மேல் பூந்தொட்டி வைத்தார்.

அடுத்தது நேரப் பங்கீடு. காலையில் தகரக்காரர் மூடி அடிப்பது, மதியத்துக்கு மேல் மிஷினை நிறுத்திக்கொள்வது. அந்த நேரத்தில் பொத்தான்காரர் பொத்தான் பிரிப்பது. தகரக்காரர் பெரிய மனது பண்ணிச் சம்மதித்தார். அன்று மாலையே பொத்தான்காரர் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

"இன்னும் ஆடுது சார்."

"எட்டாம் நம்பர்ல மிஷின் மதியத்துலேருந்து ஓடலையே."

"அதான் நானும் யோசிச்சேன். ஆறாம் நம்பர்ல ஓடுதுல்ல?"

ஆறாம் நம்பரில் காலணி நாடா பின்னும் மிஷின். அதைவிட எங்கள் வீட்டுச் சீலிங் ஃபேன் அதிகமாகச் சத்தம் போடும். ஆனாலும் மேனேஜர் போய்த் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். ஷெட்டை நடத்துவது நாடாக்காரர் மனைவி. நாடாக்காரர் பெயர்ப் பலகையில் மட்டும் இருப்பவர். அந்த அம்மா பல்லுக்கிடையில் வைத்திருந்த நூலை எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"அவரு மேசைக்குக் குளிர்ஜுரம் வந்திருக்கும். நல்ல டாக்டரா பாத்துக் காட்டச் சொல்லுங்க."

சொன்னதோடு விடவில்லை. அலுவலகத்துக்கு வந்து புகார்ப் புத்தகத்தில், தன் தொழில்மேல் வீண்பழி போடுவதாக ஒரு பக்கம் எழுதினார். அவர் எழுதுவதைப் பார்த்துத் தகரக்காரருக்கும் ரோஷம் வந்தது. மிஷின் சும்மா நின்றதால் அரைநாள் வேலை போனது என்று அவரும் எழுதினார். நடுக்கத்தைப் பார்க்கத் தினமும் கூட்டம் கூடுகிறது, தன் ஷெட்டிலிருந்து இரண்டு தம்ளர் காணவில்லை என்று மெழுகுவர்த்திக்காரர் எழுதினார். ஒன்றாக இருந்த புகார் நான்காயிற்று.

"அந்தக் காலி ஷெட்டைக் குடுத்துத் தொலைங்களேன்" என்றாள் மனைவி, புகார்ப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தபடி.

இருபத்து நான்காம் நம்பர் நான்கு வருடமாகக் காலி. வெயில் நேராக விழும், கழிப்பறைக்குப் பக்கம் என்று ஒருவரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. பொத்தான்காரருக்குக் கொடுக்கலாமா என்று மேனேஜர் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். ஒட்டிய பசை காயுமுன் சங்கத் தலைவர் வந்து நின்றார். தலைவர் குடை செய்பவர்; உறுப்பினர் எண் ஒன்று.

"எனக்கு அது வேணும்னு இல்ல மேனேஜரே. ஆனா காலி ஷெட்டுன்னா சீனியாரிட்டிப்படிதான் குடுக்கணும். உரிமைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

உரிமையை நிலைநாட்டுவதற்காகத் தலைவர் தன் குடைக்கம்பிகளோடு இருபத்து நான்குக்குக் குடிபோனார். அவர் விட்ட மூன்றாம் நம்பருக்கு உறுப்பினர் எண் இரண்டு உரிமை கொண்டாடினார். அவர் விட்டதற்கு அடுத்தவர். பத்து நாளைக்கு நடைபாதை முழுக்கத் தள்ளுவண்டிதான். மெழுகுவர்த்தித் திரி நாடாக்காரரிடம் போய்ச் சேர்ந்தது. ஐநூறு குடைப்பிடி கேட்பாரில்லாமல் கேட் ஓரம் கிடந்தது. தினமும் வளாகத்தைப் பெருக்கும் அம்மா, எந்தக் குப்பை எந்த ஷெட்டுக்காரருடையது என்று தெரியவில்லை என்று துடைப்பமும் கையுமாக அலுவலக வாசலில் வந்து நின்றார். தகரக்காரரும் நாடாக்காரர் மனைவியும் ஆளுக்கொரு நல்ல மூலையாகப் பார்த்து மாறிப்போனார்கள். சுற்றிச் சுற்றிக் கடைசியில் மிஞ்சியது ஜெனரேட்டருக்குப் பக்கத்து ஷெட். பத்தொன்பதாம் எண் உறுப்பினரான பொத்தான்காரருக்கு அதுதான் வந்தது. அவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, திரும்பி வந்து ஏழாம் நம்பரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும், மேனேஜருக்கு அதிர்ஷ்டம் இருந்தது. புது இடம் கிடைத்தவர்களுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஒவ்வொருவராக வந்து புகாரை அடித்துக் கையெழுத்துப் போட்டார்கள். பொத்தான்காரருக்கு ஒரு பக்கம் காகித உறை ஒட்டுபவர், மறுபக்கம் தையல் நூல் சுற்றுபவர். இருவரிடமும் மிஷின் என்று சொல்ல ஒரு கத்தரிக்கோலும் ஒரு ராட்டையும்தான்.

நடுக்கம் நிற்கவில்லை. ஆர்டர் அனுப்பவேண்டிய தேதி நெருங்க நெருங்க அதிகமாகிக்கொண்டே போனது. முன்பு கிலுகிலுத்த பொத்தான் இப்போது குதிக்கவே ஆரம்பித்தது. பூமிக்கடியில் நீரோட்டம் இருக்கும் என்றார் தலைவர். ஏழாம் நம்பருக்கு வெளியே கொத்தனார் ஆளுயரத்துக்குத் தோண்டிப் பார்த்தார். கட்டடம் கட்டிய காலத்துச் செருப்பு ஒன்று கிடைத்தது. தோண்டியதில் குடிதண்ணீர்க் குழாய் உடைந்து, இரண்டு நாள் வளாகமே வாளியோடு வரிசையில் நின்றது.

பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை மதியம் சாப்பிடும்போது மேனேஜர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"என்னங்க, என்ன யோசிக்கிறீங்க?"

"இந்த வளாகத்துலயே மிஷின் சத்தம், அதிர்வு எதுவும் எட்டாத இடம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

"எங்க?"

மேனேஜர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அவர் பார்வை போன வழியே மனைவியின் பார்வையும் போனது. கட்டில், பீரோ, டிவி, அவள் ஆசையாக அடித்த அலமாரி.

"வீட்டைக் காப்பாத்துறதுக்காக வீட்டையே குடுக்கப் போறீங்க" என்றாள். "பரவால்ல. இந்த யோசனை உங்களுக்கு மட்டும்தான் வரும்."

ஒரு மாதத்துக்கு மட்டும் என்று அவர் கெஞ்சினார். பொத்தான்காரர் சந்தோஷமாக இருந்தால் சனிக்கிழமையே புகாரை அடித்துவிடுவார், ஞாயிறு வேலை உறுதியாகிவிடும், ஆர்டர் முடிந்ததும் மேசை கீழே போய்விடும்.  அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பேப்பரில் சுற்ற ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை நான்கு பேர் சேர்ந்து பொத்தான்காரரின் மேசையை மாடிக்கு ஏற்றினார்கள். லேசான மேசைதான், பொத்தான் உருண்டு ஓடாமலிருக்க முன்பக்கமும் இரு பக்கமும் தரைவரை பலகை அடித்திருந்ததால் மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டு உயிரை வாங்கியது. கூடத்தின் நடுவே அதைப் போட்டார்கள். கட்டில் சமையலறைக்குப் போனது. அன்றிரவு மேனேஜரின் தலை அடுப்புக்கு நேராக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் தலைவர் புகார்ப் புத்தகத்தோடு மாடியேறி வந்தார். அவர் முன்னால்தான் புகார் தீர்ந்ததாக எழுதவேண்டும் என்பது விதி. கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். கீழே எல்லா ஷெட்டிலும் வேலை முடிந்து பூட்டிவிட்டார்கள். பொத்தான்காரர் தன் நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று வெள்ளையையும் பிரித்துப் பிரித்துத் தட்டில் வைத்தார். தலைவரும் மேனேஜரும் மேசைக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"திங்கட்கிழமை அனுப்பணும். இன்னும் பாதி கிடக்கு" என்றார் பொத்தான்காரர் கவலையோடு.

தட்டு கிலுகிலுத்தது.

ஒரு வெள்ளைப் பொத்தான் மெதுவாக நகர்ந்து பால் வெள்ளைக்குள் போய்ச் சேர்ந்தது. பின்னாலேயே இன்னும் நான்கு. தலைவர் திரும்பிச் சமையலறை வாசலைப் பார்த்தார்.

"உள்ள மிக்ஸி ஏதும் ஓடுதாம்மா?"

மேனேஜர் மனைவி சமையலறையிலிருந்து மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒயர் தரையில் இழுபட, தலைவரின் கையில் கொடுத்தாள். தலைவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் குழந்தையைப்போல் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பீரோ மேல் வைத்தார். தட்டு கிலுகிலுத்துக்கொண்டுதான் இருந்தது.

"மேனேஜரே, எனக்கு உங்க மேல தனிப்பட்ட முறையில ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே தலைவர் பேனா மூடியைத் திறந்தார். புத்தகத்தைச் சுவரில் சாய்த்துப் பிடித்து, 'தீரவில்லை' என்று எழுத முதல் எழுத்தை ஆரம்பித்தார். மேனேஜர் மனைவியைப் பார்த்தார். மனைவி, பேப்பரில் சுற்றி மூலையில் அடுக்கியிருந்த பாத்திரங்களைப் பார்த்தாள். இனி அவற்றைப் பிரிக்கவேண்டிய வேலை இல்லை.

மேசையை ஏற்றியபோது விழுந்த மரத்தூளைப் பெருக்கிவிட்டுப் போகும்படி அவள் காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள். பெருக்கும் அம்மா அப்போதுதான் வந்தார். நின்றவர்கள் யாரையும் கண்டுகொள்ளாமல் நேராக மேசையைச் சுற்றிப் பின்பக்கம், பொத்தான்காரரின் நாற்காலி இருந்த பக்கம் போனார். இத்தனை நாளில் வேறு யாரும் அந்தப் பக்கம் போய்ப் பார்த்ததில்லை. குனிந்து துடைப்பத்தை அடியில் நீட்டினார், வெளியே இழுத்தார், மறுபடி நீட்டினார், மறுபடி இழுத்தார். அப்புறம் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தார்.

"அண்ணே, அந்தக் காலாட்டுறதை ஒரு நிமிஷம் நிறுத்துங்க, பெருக்கிட்டுப் போயிடறேன். ஒம்பது வருஷமா உங்க மேசைக்கு அடியில மட்டும் என் தொடப்பத்தை உள்ள விட முடியல."