போர்வை வேலை

"இதுல ஒண்ணும் உதவாதுங்க" என்றாள் மூக்காயி.

சங்கிலிக் கங்காணி தன் வீட்டு வாசலில் குவிந்து கிடந்த பழந்துணிகளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நீலக் கட்டம் போட்ட சாரம், சாயம் போன மஞ்சள் முந்தானை, பொத்தானில்லாத காக்கிச் சட்டையின் முதுகுப்புறம் என்று தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்தின் எல்லா வீட்டுத் துணியும் அங்கே வந்து கிடந்தது. வராமல் என்ன செய்யும்? வீட்டுக்கு ஒரு பழந்துணி கொண்டு வராதவனுக்கு இன்றைக்கு அரைப்பேர்தான் என்று விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் நின்று சொல்லியிருந்தார். பாதிக் கூலிக்கு யார் துணிவார்கள்?

"ஏன் உதவாது? ஏழு வீட்டுத் துணி கேட்டே. லயமே கிடக்கே!"

"நான் கேட்டது பிச்சைத் துணிங்க. இது மிரட்டி வாங்குனது. மிரட்டி வாங்குனத எந்த ஊர்லங்க பிச்சைன்னு சொல்றாங்க?"

உள்ளே தொட்டிலில் பிள்ளை சிணுங்கியது. அவருக்கு முன்னே பிறந்த மூன்றும் தங்கவில்லை. இது நாலாவது, ஆண். பிள்ளை தங்காத வீட்டில், கையேந்தி வாங்கிய பழந்துணியை ஒட்டுப் போட்டுப் போர்வை தைத்து, பேர் வைக்கும் நாளில் பிள்ளையை அதில் கிடத்த வேண்டும். எட்டிப் பார்க்கிற எமன், 'சீ, ஏதோ பிச்சைக்காரன் பெற்றது' என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடுவான். இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. லயத்தில் ஊசி பிடிக்கத் தெரிந்தவள் மூக்காயி. ஆகவே போர்வை விஷயத்தில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"என் பேரையே பாருங்க" என்றாள் அவள். "எனக்கு மூத்தது நாலு போச்சு. எங்கப்பன் வீடு வீடாக் கையேந்தித் துணி வாங்கி, என் மூக்கையும் குத்தி, மூக்காயின்னு பேரு வச்சான். அன்னையிலேருந்து சாவு என்னை அண்டல. நீங்க வாங்குற வேலையிலகூடச் சாகல, பாருங்களேன்."

இது புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று கங்காணி யோசிப்பதற்குள் அவள் துணிக்குவியலை முந்தானையில் வாரிக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். உதவாத துணிதானே, போகட்டும் என்று விட்டுவிட்டார்.

கங்காணியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கறுப்புக் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை, வெள்ளிப்பூண் பிரம்பு, குடை. இந்த நாலையும் கழற்றி வைத்தால் உள்ளே ஆள் என்று ஒருவர் இருக்கிறாரா என்பது தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவர் எதிரே மழையில்கூட வேறொருவன் குடை விரிக்கக் கூடாது. போன மாதம் லயத்தார் ஒன்றாகத் திரண்டு வந்து துண்டு கேட்டார்கள். இந்த ஆளை நாங்கள் விட்டுவிட்டோம், வேறு தோட்டம் சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத்தான் துண்டு என்று பேர். அது கையில் இல்லாமல் எல்லை தாண்டினால் சிறை. கங்காணி பிரம்பினால் பதில் சொன்னார். அவருக்குத் துரை கொடுப்பது தலைக்காசு. தலை குறைந்தால் காசு குறையும், ஒரு தலையும் இல்லாவிட்டால் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு அவரே கூடை தூக்க வேண்டியதுதான். எமனுக்கு அடுத்தபடியாகக் கங்காணி பயந்தது இது ஒன்றுக்குத்தான்.

மறுநாள் அவருக்கு ஓர் அற்புதமான யோசனை வந்தது. மனைவி தங்கம்மாவின் தம்பி ராமச்சந்திரன் வீட்டில் தின்றுவிட்டுச் சும்மா கிடந்தான். அவனைப் பிச்சைக்கு அனுப்பினார். பையன் ராசிக்காரன். கைநிறையத் துணியோடு வந்தான்.

மூக்காயி துணியைத் தொடக்கூட இல்லை.

"கையேந்துனது யாருங்க?"

"என் மச்சான்தான்."

"அப்ப பலனும் அவருக்குத்தான். எடுத்தவன் வீட்டுலதான் குட்டி தங்கும். அவருக்குக் கல்யாணம் ஆகலியே, என்னத்த வளக்குறாரு?"

"ரெண்டு ஆடு" என்றான் ராமச்சந்திரன் பெருமையாக.

"அப்ப இந்த வருசம் ஆட்டுக்கு நல்ல காலம்" என்று சொல்லி மூக்காயி எழுந்துவிட்டாள். கங்காணி மச்சானை ஓர் அறை அறைந்தார். ஆடு பெருகப்போகிற சந்தோஷத்தில் அவன் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஆக, தானே போக வேண்டும் என்றாகிவிட்டது. போனார். கோட்டு, தலைப்பாகை, பிரம்பு, குடை சகிதமாக லயத்தின் முதல் வீட்டு வாசலில் நின்று, "எடு!" என்று கையை நீட்டினார்.

உள்ளே இருந்தவள் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "ஐயா, நான் இன்னைக்கு நேரத்தோடதான் வேலைக்குப் போனேன், அடிக்காதீங்க!"

"அடிக்க வரலடி. பிச்சைக்கு வந்திருக்கேன். போடு சீக்கிரம்! போடப்போறியா, பேரை வெட்டவா?"

அடுத்த வீட்டில் பின்பக்கமாக ஓடிவிட்டார்கள். அதற்கடுத்த வீட்டுக்காரி கட்டியிருந்த சேலையையே அவிழ்க்கப் போய்விட்டாள். வாசலில் நூலும் ஊசியும் விற்றுக்கொண்டிருந்த நுஹ்மான் நானா மூட்டையை அப்படியே போட்டுவிட்டு, வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன கங்காணியாரே, நோட்டம் பாக்குறீங்களா, பிச்சை எடுக்குறீங்களா? ரெண்டுக்கும் ஒரே குரலா இருக்குதே!"

அன்று மாலை மூக்காயி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஐயா, 'தாயே, பிச்சை போடுங்க'ன்னு ஒரு தடவையாச்சும் கேட்டீங்களா?"

"நானா? இவளுகளையா?"

"பாத்தீங்களா! ஒங்களத் தெரிஞ்ச எடத்துல ஒங்களுக்குப் பிச்சை கிடைக்காது, பயம்தான் கிடைக்கும். ஆத்துக்கு அக்கரைத் தோட்டத்துக்குப் போங்க. அங்க ஒங்க மொகம் தெரியாது. கோட்டு கூடாது, தலப்பா கூடாது, பிரம்பு கூடாது. செருப்பும் கூடாது. கிழிஞ்ச வேட்டி ஒண்ணு போதும். வழியில யாரு மறிச்சாலும் 'போர்வை வேலை'ன்னு மட்டும் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை காலையில போனா, பொழுது சாயத் திரும்பிரலாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பிள்ளை ஒங்களதுதானே?" என்றாள்.

தொட்டிலில் பிள்ளை தும்மியது. அந்தத் தும்மல்தான் கங்காணியின் கோட்டைக் கழற்றியது.

ஞாயிறு காலை, மாட்டுக்காரனிடம் வாங்கிய கிழிந்த வேட்டியோடு, தலையைக் குனிந்துகொண்டு ஆற்றுப் பாலத்துக்கு வந்தார். கயிற்றுப் பாலம் அது. காவலுக்கு நின்ற வாச்சர் அப்புஹாமி, யாரது, துண்டு எங்கே என்று சிங்களத்தில் அதட்டித் தடியை ஓங்கினான்.

"ஏய், கவுத? துண்டு கோ?"

கங்காணி முகத்தை மூடினார். மூடிய கையில் மோதிரம் இருந்தது.

"அம்மோ! கங்காணி மஹத்தயா! என்ன இது, பைத்தியம் புடிச்சதா?"

"சத்தம் போடாதேடா! இது போர்வை வேலை."

"போர்வை வேலையா? அது என்ன வேலை?"

இவனுக்கு எமனைப் பற்றியும் பழந்துணியைப் பற்றியும் சொல்லி, இவன் அதை ஊரெல்லாம் சொல்லி... கங்காணிக்கு உடம்பு கூசியது. வாயை அடைக்க ஒரு பொய் உதித்தது. பொய்யா வராது அவருக்கு?

"பிள்ளைக்கு நேந்துக்கிட்டது. போர்வை வேலைன்னு போறவங்கள மறிக்கக் கூடாது, ஒரு கேள்வி கேக்கக் கூடாது. கேட்டா, கேட்டவன் கண்ணு அவிஞ்சிரும். தெரிஞ்சுதா?"

அப்புஹாமி இரண்டு கண்களையும் பொத்திக்கொண்டு ஒதுங்கினான். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு கங்காணி பாலத்தைக் கடந்தார். அக்கரையில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று பக்கத்துத் தோட்டத்துக்கு. மற்றது தெரணியகலைக்கு. புதிதாக ரப்பர் நட்ட துரைமார் ஆள் கிடைத்தால் போதும் என்று, துண்டுகூடக் கேட்காமல் சேர்த்துக்கொண்டிருந்த இடம் அது.

பக்கத்துத் தோட்டத்து முதல் லயத்தில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "தாயே" என்றார். பிறந்ததிலிருந்து பழகாத வார்த்தை, பாதியில் சிக்கியது.

"கையும் காலும் கருங்காலிக் கட்டை மாதிரி இருக்கு. ஒழைச்சுத் திங்க வலிக்குதோ?" என்று ஒருத்தி கழுவிய தண்ணீரை அவர் காலடியில் ஊற்றினாள். 'இவள் மட்டும் என் பிரட்டில் நின்றால்...' என்று பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்தார். அடுத்தவள் ஒரு கிழிந்த சட்டைக் கையைப் போட்டாள். அதற்கடுத்தவள் ஒரு கோவணத்தைப் போட்டு, துவைத்ததுதான் என்று வேறு சொன்னாள். நாலாவது வீட்டில் கை நீட்டும்போது பிடரியில் ஒரு கை விழுந்தது.

திரும்பினார். அந்தத் தோட்டத்துக் கங்காணி. கோட்டு, தலைப்பாகை, பிரம்பு. குடை மட்டும் தன்னுடையதைவிடச் சற்றுப் பெரிது என்பது அந்த நேரத்திலும் அவர் கண்ணை உறுத்தியது.

"எந்தத் தோட்டத்திலேருந்துடா ஓடி வர்றே? துண்டு எங்க?"

"அடேய், நானே ஒரு கங்காணி!"

சுற்றி நின்றவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

"ஆமா, நான் கவர்னர் தொரை" என்றான் அவன். "ஓடி வந்த நாய்க்கு வாய் வேற!"

இது சங்கிலிக் கங்காணி தினமும் பேசும் வசனம். எதிரே நின்று கேட்டால் எப்படி இருக்கும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. மோதிரத்தைக் காட்டினார். திருடியதாக எழுதிக்கொண்டு அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். துரை வரும்வரை சும்மா எதற்கு இருக்க வேண்டும் என்று மாட்டுக் கொட்டிலில் சாணி அள்ளவிட்டார்கள். மத்தியானம் அந்த வழியாக நுஹ்மான் நானா மூட்டையோடு வந்தார். கங்காணிக்கு உயிர் வந்தது.

"நானா! நானா! இவங்களுக்குச் சொல்லுங்க, நான் யாருன்னு!"

நானா கிட்டே வந்து தாடியைத் தடவினார். இப்படியும் பார்த்தார், அப்படியும் பார்த்தார்.

"கோட்டுப் போட்ட ஆக்களத்தான் எனக்குத் தெரியும். இந்த மொகத்த எங்கயும் கண்ட ஞாபகமில்லையே" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

பொழுது சாயத் திரும்பி வந்தபோது அதே நானாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. "அடடா, எங்கட சங்கிலிக் கங்காணியாரல்லவா! வெயில்ல கண்ணு மங்கிப் போச்சுது" என்று சாட்சி சொல்லி, மோதிரத்தை மீட்டு, தன் மாட்டு வண்டியில் ஏற்றி, வண்டிப்பாதையால் சுற்றிக்கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். வழியெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வந்தார்.

கங்காணி ஒரு சட்டைக் கையையும் ஒரு கோவணத்தையும் வெற்றிக் கொடிபோல் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

தொட்டிலில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில் கம்பளியை நடுவில் வைத்து, நெருக்கமான ஓட்டுத் தையலில் அழகாகத் தைத்த போர்வை. நீலக் கட்டம், மஞ்சள் முந்தானை, காக்கி முதுகு.

"இது... இது உதவாதுன்னு தள்ளுன துணிதானே!"

"காலையில நீங்க அந்தப் பக்கம் போனதும் மூக்காயி கொண்டாந்தா" என்றாள் தங்கம்மா. "லயமே கூட வந்துச்சு. ஒவ்வொருத்தரா அவங்கவங்க துணியத் தொட்டு, 'அன்னைக்குப் பயந்து குடுத்தோம், இன்னைக்கு மனசாரக் குடுக்குறோம், புள்ள நல்லாருக்கட்டும்'னு சொல்லிட்டுப் போனாங்க. கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு. எனக்கே என்னமோபோல ஆயிருச்சுங்க."

"அப்ப நான் எதுக்குடி கையேந்துனேன்? எதுக்குடி சாணி அள்ளுனேன்?"

கோட்டை மாட்டிக்கொண்டார். கிழிந்த வேட்டிக்குமேல் கோட்டு. பிரம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார்.

"ஏ மூக்காயி! வாடி இங்க!"

லயத்திலிருந்து சத்தமில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சோம்பேறிக் கழுதைகள், நாளைப் பிரட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று பிரம்பை வளைத்துப் பார்த்தார். அப்போது பாலத்துப் பக்கமிருந்து அப்புஹாமி வந்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றியவனுக்கு ஒரு புகையிலையாவது கிடைக்காதா என்ற சிரிப்பு அவன் முகத்தில்.

"மஹத்தயா சொன்ன மாதிரி நான் ஒருத்தரையும் மறிச்சது இல்ல, ஒரு கேள்வி கேட்டது இல்ல. காலையில ஒங்க ஆள் எல்லாம் மூட்டை, சட்டி, கோழி, புள்ளைகுட்டி தூக்கிட்டு வந்து 'போர்வை வேலை' சொன்னது. பாலம் ஆடுது, பாவம், கிழவிகள எல்லாம் நானே கையப் புடிச்சு தெரணியகலைப் பாதையில ஏத்தி விட்டது" என்று சொல்லிவிட்டு, இரண்டு கண்களையும் முன்னெச்சரிக்கையாகப் பொத்திக்கொண்டு கேட்டான்: "ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கவா, மஹத்தயா? அந்தப் போர்வை எவ்வளவு பெரிசு?"