நான்கு விரற்கடை தாழ்ந்த கார்

அன்று காலை சாத்தம் படகுத்துறையில் கூடியிருந்தவர்கள் விவரம் பின்வருமாறு. தலைவர் நூருல்லா, பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். செயலாளர் திருநாவுக்கரசு, அரசு அலுவலகத்தில் சூப்பரின்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பெற்றாரே தவிர எடுக்கவில்லை. உறுப்பினர்கள்: மெக்கானிக் சுஹைல், வங்கி ஊழியர் அருண்பிரசாத், பள்ளி ஆசிரியை அகிலா, பக்கத்து வீட்டு நாகலிங்கம், கடைசியாகக் காத்தமுத்து. ஆக ஏழு பேர். சிறப்பு விருந்தினர், வாகன ஆய்வாளர் இராமகிருஷ்ணன் ஒருவர். உறுப்பினர் அல்லாதவர், காத்தமுத்துவின் மனைவி தங்கம்மா ஒருவர். கார் ஒன்று.

விளையாட்டுக் கார் உரிமையாளர் சங்கத்தில் ஏழு பேருக்கு ஒரு கார்தான் இருக்கிறதே என்று யாரும் குறை சொல்ல முடியாது. பதிவு செய்ய ஏழு உரிமையாளர்கள் வேண்டும் என்றுதான் விதி. ஏழு கார் வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. திருநாவுக்கரசு மூன்று நாள் தேடிப் பார்த்துவிட்டார்.

கார் உண்மையில் காத்தமுத்து வாங்கியது. அவர் ஹேடோ துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம், தீவுக்கு வரும் மெயின்லாந்துக் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணியவர். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. எண்ணுவதற்கு அது தாராளம். அவர் எண்ணிக்கை ஒருநாளும் தப்பியதில்லை. எண்ணியதை வைத்து ஏதாவது செய்தாரா என்றால், அதுவும் இல்லை.

தங்கம்மாவுக்கு முழங்கால் வலி வந்தபோது, பஸ்ஸின் முதல் படி தரையிலிருந்து பதினேழு அங்குலம் என்று அளந்தார். அந்தச் சமயம் மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி, இரண்டே இருக்கை உள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை விற்றுவிட்டுக் கப்பலேறினார். அதன் இருக்கை தரையிலிருந்து பதினொரு அங்குலம். ஏற வேண்டிய படியே கிடையாது. அறுபத்து மூன்று வயதில் ஒருவர் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க இதைவிட நல்ல காரணம் இருக்க முடியாது என்று காத்தமுத்து நம்பினார். கூடவே ஒரு கறுப்புக் கண்ணாடியும் வாங்கினார். அதற்குக் காரணம் எதுவும் யோசிக்கவில்லை.

தங்கம்மா ஒருமுறை உட்கார்ந்து பார்த்தாள். "உக்கார்றது சுலபந்தாங்க. எந்திரிக்கத்தான் ரெண்டு ஆள் வேணும்" என்றாள்.

அப்போதுதான் திருநாவுக்கரசு வந்தார். இப்பேர்ப்பட்ட வண்டி ஒரு சங்கம் இல்லாமல் தெருவில் நிற்பது முறையல்ல என்றார். காத்தமுத்து கூச்ச சுபாவம். வேண்டாம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் சங்கம் அமைந்துவிட்டது. கார் பாகம் பாகமாக உரிமையாளர்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. பின்புறம் தலைவருக்கு. இடது இருக்கை செயலாளருக்கு. சக்கரமும் ஸ்பிரிங்கும் சுஹைலுக்கு. எஞ்சின் மூடி அருண்பிரசாத்துக்கு. கதவுகள் அகிலாவுக்கு. புகைக்குழாய் நாகலிங்கத்துக்கு. ஸ்டியரிங்கும் ஓட்டுநர் இருக்கையும் பெருந்தன்மையுடன் காத்தமுத்துவுக்கே விடப்பட்டன.

தன் பாகத்தைத் தன் விருப்பம்போல் மாற்றிக்கொள்ள ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்பது முதல் தீர்மானம். மெயின்லாந்து வீடியோக்களில் எப்படி இருக்கிறதோ அப்படி மாற்ற வேண்டும் என்பது இரண்டாவது. நூருல்லா பின்னால் ஓர் இறக்கை வைத்தார். அவர் மனைவி ஜன்னத் பீவி அதில் துணி காயப்போட்டாள். ஆறு சட்டை தாங்கியது. நாகலிங்கம் புகைக்குழாயை மாற்றிய பிறகு, வண்டியைக் கிளப்பினால் குவார்ட்டர்ஸ் நாய்கள் பதினான்கும் ஒன்றாகக் குரைத்தன. அகிலா கதவுகளில் தீச்சுவாலை வரைந்தார். அருண்பிரசாத் மூடியில் காற்றுப் போக ஓட்டை போட்டார். இந்த ஊர் மழைக்கு அதில் தண்ணீர் இறங்கவே, ஓட்டையின் மேல் ஒரு பிளாஸ்டிக் வாளி கவிழ்க்கப்பட்டது. வாளியும் சிவப்புதான்.

சுஹைல் ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை நான்கு விரற்கடை தாழ்த்தலாம் என்றபோது ஏழு கைகள் உயர்ந்தன. காத்தமுத்து எண்ணினார். ஏழாவது கை அவருடையது. இன்னும் தாழ்ந்தால் தங்கம்மாவுக்கு இன்னும் சௌகரியம் என்பது அவர் கணக்கு.

ஆய்வாளர் இராமகிருஷ்ணன் வந்து அளந்தார். படிவத்தில் "உயரம் கூட்டப்பட்டுள்ளதா?" என்ற கேள்விக்குத்தான் கட்டம் இருந்தது. குறைத்ததை எழுத இடமில்லை. எழுத இடமில்லாதது நடக்கவில்லை என்று அவர் கையெழுத்துப் போட்டார்.

இந்த நிலையில்தான் தங்கம்மாவின் தங்கை மகள் திவ்யாவுக்குப் பாம்பூஃப்ளாட்டில் வளைகாப்பு வந்தது. பத்தரை மணிக்கு முதல் வளையல் பெரியம்மா கையால் போட வேண்டும். அக்கரைக்குப் படகில் கால் மணி நேரம். தரை வழியாகப் போனால் சௌல்தாரிப் பக்கமெல்லாம் சுற்ற வேண்டும், வழிநெடுக வேகத்தடை. காத்தமுத்து தங்கம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார்: தங்கை வீட்டு வாசலில் காரிலேயே கொண்டுபோய் இறக்குவேன் என்று. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் அவர் கொடுத்த இரண்டாவது வாக்கு அது. முதலாவதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.

சங்கம் அதையே முதலாம் ஆண்டு மகிழ்வுப் பயணமாக அறிவித்தது. சிக்கல் ஒன்றுதான்: இடது இருக்கை செயலாளருடையது. காத்தமுத்து இரண்டு பிரதிகளில் விண்ணப்பித்தார். திருநாவுக்கரசு பரிசீலித்து, ஹேடோவிலிருந்து சாத்தம் துறை வரை மட்டும் உட்கார அனுமதி வழங்கினார். கடலுக்கு மேல் அனுமதி கொடுக்கத் தமக்கு அதிகாரம் உண்டா என்பதில் தெளிவில்லை என்று அடிக்குறிப்பும் எழுதினார்.

துறைமுகத்தில் இருந்தவர் என்பதால் காத்தமுத்துவுக்கு இன்னொன்றும் தெரியும். நீர் வற்றினால் படகு கீழே இறங்கி நிற்கும். சாய்வுப் பலகை செங்குத்தாகிவிடும். அன்று பலகை சமமாக வருவது பதினொன்றே முக்காலுக்கு. கூட்டத்தில் மெதுவாக அதைச் சொன்னார். "தகவல் பதிவு செய்யப்பட்டது" என்று செயலாளர் எழுதிக்கொண்டார். பதிவான பிறகு அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. காத்தமுத்துவுக்கும்தான்.

ஆகவே ஒன்பதேகால் மணிக்குத் துறையில் தங்கம்மா அனுமதிப்படி இறங்கினாள். இரண்டு ஆள் தூக்கிவிட்டார்கள். வளையல் பையுடன் மெல்ல நடந்து படகில் ஏறினாள். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். பின்னால் காத்தமுத்து கறுப்புக் கண்ணாடியோடு காரைப் பலகையில் ஏற்றினார். முன்சக்கரம் இரண்டும் படகுப் பக்கம் இறங்கின. பின்சக்கரம் இரண்டும் கரையில் நின்றன. நடுவில் காரின் வயிறு துறையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டது.

"அரே பாய், இறக்கைக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று நூருல்லா கேட்டார்.

ஆய்வாளர் குனிந்து பார்த்தார். "முன்சக்கரம் படகுல இருக்கு. அது என் எல்லை இல்ல. பின்சக்கரத்தைப் பின்னாடி எடுன்னு சொல்லத்தான் எனக்கு அதிகாரம்."

படகின் கயிற்றுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "டிக்கெட் கிழிச்சாச்சு சாப். பாதி ஏறினாலும் ஏறின வண்டிதான். ஏறினதை இறக்க எனக்கு ஆர்டர் கிடையாது. முன்னாடி வேணா இழுப்பேன்."

இரண்டும் சட்டப்படி சரியாக இருந்ததால் இரண்டும் நடந்தன. முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு. படகில் தங்கம்மாவைத் தவிர எண்பத்து நான்கு பயணிகள் இருந்தார்கள். மீன் கூடைக்காரிகள் இருவரும் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரும் தவிர மற்ற எண்பத்தொரு பேரும் எழுந்தார்கள். சிலர் சிரிக்க வந்தார்கள், பலர் செல்போனில் படம் எடுக்க வந்தார்கள். கடைசியில் எல்லோரும் ஏதாவது ஒரு கயிற்றைப் பிடித்தார்கள். முன்பாகம் வைத்திருந்த உறுப்பினர்கள் முன்னால் இழுத்தார்கள், பின்பாகம் வைத்திருந்தவர்கள் பின்னால். திருநாவுக்கரசுவின் இருக்கை நடுவில் இருந்ததால் அவர் சற்று யோசித்தார். பிறகு, ஓய்வூதியம் தரையில்தான் வருகிறது என்று கரைப் பக்கம் சேர்ந்தார்.

காத்தமுத்து ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு எண்ணினார். முன்னால் நாற்பத்து நான்கு பேர். பின்னால் நாற்பத்தைந்து. ஒரு ஆள் கூடுதல் என்பதால் கரை ஜெயிக்கும் என்பது மட்டும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

கரை ஜெயித்தது. கார் சரசரவென்று பின்னால் வந்தது. முன்கயிற்றைப் பிடித்திருந்த நாற்பத்து நான்கு பேருக்கும் அதை விடத் தோன்றவில்லை. அடுத்தவர் முதலில் விடட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தார். கார் போன வேகத்தில் அவர்களும் பலகை வழியாக ஓடி, வரிசையாகக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். கயிற்றுக்காரர்தான் முதலில்.

மணி ஒன்பதரை. படகு சங்கு ஊதியது. பலகை மேலே எழுந்தது.

எண்பத்தொரு டிக்கெட்டுக்காரர்களும் ஒரே குரலில் நிறுத்தச் சொன்னார்கள். படகு மாஸ்டர் மேல்தளத்திலிருந்து எட்டிப் பார்த்தார், நிதானமான மனிதர். "ஒம்பதரைக்குக் கிளம்பணும்னு ரூல் இருக்கு. உள்ள ஆள் இருக்கணும்னு இல்ல. ஒரு நிமிஷம் லேட்டானா நாலு பக்கம் விளக்கம் எழுதணும். நீங்களா எழுதுவீங்க?"

அதற்குப் பதில் சொல்ல விதி தெரிந்த ஒருவர் திருநாவுக்கரசுதான். அவர் மாஸ்டர் சொல்வது சரி என்றார். ஆய்வாளரும் ஆமோதித்தார். இரண்டு பேரும் அப்படிச் சொல்லிவிட்டுத் தாங்களும் கரையில் நிற்பதைக் கவனித்தார்கள்.

கம்பியைப் பிடித்தபடி தங்கம்மா நின்றாள். கோபம் இல்லை, சிரிப்பை அடக்குவது மட்டும் தூரத்திலிருந்தே தெரிந்தது.

"வளையல் எங்கிட்டத்தாங்க இருக்கு" என்றாள். "நீங்க அவசரப்படாம காரை அனுபவிச்சுட்டு வாங்க. சாப்பாடு மட்டும் எடுத்து வைக்கச் சொல்றேன். எத்தனை பேர் மிச்சம்னு எண்ணிச் சொல்லுங்க."

காத்தமுத்து காரிலிருந்து எழ முயன்றார். இரண்டு ஆள் தூக்கிவிட்டார்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். பயணிகளை வரிசை வரிசையாக எண்ணினார், சங்கத்தை எண்ணினார், ஆய்வாளரையும் கயிற்றுக்காரரையும் சேர்த்தார். தப்பிவிடக் கூடாதே என்று மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அதற்குள் படகு நடுத்துறைக்குப் போயிருந்தது. கூச்சத்தை விட்டு, இரண்டு கையையும் வாயருகே குவித்து, ஊரே கேட்கக் கத்தினார்.

"தொண்ணூறு."