ஜொய்சியின் நாலு கிலோ

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசின் கொக்கியில் ஒரு சாக்கு தொங்கியது. சாக்குக்குள் பதினொரு வயது ஜொய்சி கால்களை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முள் ஆடி நிற்கும்வரை அவளுடைய அம்மா அனிற்றா மூச்சுவிடவில்லை.

"அம்பது," என்றார் கணக்கப்பிள்ளை கிருஷ்ணராஜ்.

அனிற்றாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன வாரந்தான் கரவனெல்ல கிளினிக்கில் நர்ஸ் நபீலா மிஸ் ஐம்பத்து நாலு என்று அட்டையில் எழுதியிருந்தார். மேடு ஏறினாலே பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது, இப்படியே விட்டால் சின்ன வயதிலேயே சீனி வருத்தம் வந்துவிடும் என்றார். இனிப்பைக் குறைத்து, தினமும் ஒரு மணி நேரம் ஓடியாட விட்டு, ஒரு மாதம் கழித்துக் கூட்டிவரச் சொன்னார். பட்டினி மட்டும் போடக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

ஒரு மாதம் பொறுத்திருக்க அனிற்றாவால் ஆகாது. அடுப்பில் வைத்த சோற்றைக்கூட நிம்மதியாக வேகவிடாதவள், நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறப்பவள். கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் வேலை கெடும். அதனால்தான் சனிக்கிழமை பின்னேரம், தான் பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்துக்கே மகளைக் கூட்டிவந்திருந்தாள்.

ஏழே நாளில் நாலு கிலோ. முதலில் பூரித்துப் போனாள். வீடு போய்ச் சேர்வதற்குள் பயம் பிடித்துக்கொண்டது. சீனி போடாத தேத்தண்ணி, பாதிச் சோறு, லயத்து வரிசையின் கடைசி வீடு வரை மூன்று ஓட்டம். இதற்கே நாலு கிலோ என்றால் மாத முடிவில் பிள்ளையில் என்ன மிஞ்சும்? அன்றைக்கே இரண்டு முட்டை பொரித்தாள், ரொட்டி சுட்டாள். கொழும்புக் கடையில் வேலை செய்யும் கணவன் அனுப்பி, அவள் ஒளித்து வைத்திருந்த பிஸ்கட் பெட்டியும் வெளியே வந்தது. ஜொய்சி காரணம் கேட்கவில்லை.

புதன்கிழமை நிறுத்துப் பார்த்தால் ஐம்பத்தொன்று. உடனே முட்டை நின்றது, ஓட்டம் இரட்டிப்பானது. தனியே ஓடவிட்டால் ஒவ்வொரு வீட்டிலும் யாராவது பாவம் பார்த்து எதையாவது கையில் திணித்தார்கள். அதனால் நாள் முழுக்க மலையில் நின்ற காலோடு அனிற்றாவும் கூடவே ஓடினாள். மூன்றாம் நாள் இறப்பர் தோட்டத்து இறக்கத்தில் கணுக்கால் பிசகியது அவளுக்குத்தான். அவள் நொண்டிக்கொண்டு சந்திக் கடைக்கு வந்து சேர்ந்தபோது, ஜொய்சி மீன் அடைத்த மாலு பனிஸ் ஒன்றை முடித்து விரல்களைச் சூப்பிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு நிறுவை ஒருநாள் விட்டு ஒருநாள் என்றாகி, கடைசியில் தினசரி ஆனது. முள் இறங்கினால் தீனி, ஏறினால் பட்டினி. பட்டினி போட்ட நாளின் பசியை ஜொய்சி மறுநாள் சேர்த்துத் தீர்த்தாள். ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டே நிறுத்துக் கொடுத்த கிருஷ்ணராஜ் போகப் போக முகம் கொடுக்கவில்லை. இது கொழுந்துத் தராசு, ஆள் நிறுக்க வைத்ததில்லை, தோட்டத்துத் துரை கண்டால் வம்பு என்றார். கிளினிக்குக்கு முதல் நாள் பின்னேரம் அனிற்றா கெஞ்சிக் கூத்தாடி நிறுத்ததில் ஐம்பத்திரண்டு. எப்படியும் இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. தலை நிமிர்ந்து போகலாம்.

மறுநாள் நபீலா மிஸ் ஜொய்சியை ஏற்றினார், இறக்கினார், செருப்பைக் கழற்றச் சொல்லி மறுபடி ஏற்றினார்.

"ஐம்பத்தாறு. ரெண்டு கிலோ கூடியிருக்கு. பிள்ளைக்கு என்னம்மா குடுத்தீங்க?"

"நேத்து அம்பத்திரெண்டுதானே மிஸ் இருந்துச்சு."

"ஒரு ராத்திரியில யாருக்கும் நாலு கிலோ கூடாதும்மா."

ஒரு நாள் ஊட்டுவதும் ஒரு நாள் காயப்போடுவதும் கெடுதல், வீட்டில் எல்லாரும் ஒரே அளவான சாப்பாட்டைச் சாப்பிடுங்கள், விரட்டி விரட்டி ஓட்டாமல் மற்றப் பிள்ளைகளோடு எல்லே பந்து விளையாட விடுங்கள் என்று மிஸ் பொறுமையாகச் சொன்னார். அனிற்றா தலையை ஆட்டினாளே தவிர, காதில் ஒன்றும் ஏறவில்லை. பஸ்ஸில் ஏறியதும் விசாரணை தொடங்கியது.

"நேத்து ராவு என்னடி தின்ன?"

"நீங்க குடுத்த கஞ்சிதான்."

"அதுக்கப்புறம்?"

"தண்ணி."

பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே மடுவத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பின்னேர நிறுவை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் கொழுந்துச் சாக்குகளோடு வரிசையில் நின்றார்கள். கிருஷ்ணராஜ் வேண்டாம் என்று கையை ஆட்டுவதற்குள் ஜொய்சி கொக்கியில் தொங்கினாள். முள் ஆடி ஆடி ஐம்பத்திரண்டில் நின்றது.

"பாத்தீங்களா? கரவனெல்லயில அம்பத்தாறு. இங்க வந்து சேர்றதுக்குள்ள நாலு கிலோ பஸ்ஸுலயே எறங்கிருச்சு."

வரிசை முழுக்கச் சிரித்தது. அப்படியானால் நானும் தினம் அந்த பஸ்ஸில் போகிறேன் என்றாள் ஒருத்தி. கிருஷ்ணராஜ் மட்டும் சிரிக்காமல், "சரி சரி, நேரமாகுது, எறக்குங்க," என்று அவசரப்பட்டார்.

வரிசையில் முதலாவதாக நின்ற மருதாயியும் சிரிக்கவில்லை. இருபத்தாறு வருடமாக இந்த மடுவத்தில் கொழுந்தை நிறுக்கக் கொடுத்து, கிலோக் கணக்கில் கூலி வாங்குபவள். அவள் முள்ளைப் பார்த்தாள், தொங்கும் ஜொய்சியைப் பார்த்தாள், காலடியில் கிடந்த தன் சாக்கைப் பார்த்தாள்.

"பிள்ளைய எறக்கு அனிற்றா," என்றாள். "நாளைக்கு என் கொழுந்தத் தூக்கிக்கிட்டு அந்த நர்சம்மாகிட்டப் போவோம்."